பாடசாலை நாளில் ஆசிரியர் எப்போது, எதை, எப்படிச் சாப்பிடுவது: முழுமையான வழிகாட்டி

வேலைநாள் உணவைத் திருத்திக்கொள்ள முடிவெடுக்கும் ஆசிரியர்களில் பெரும்பாலானோர் உணவுப் பண்டத்திலிருந்தே தொடங்குகிறார்கள். சோற்றை நிறுத்துகிறார்கள், ஓட்ஸ் வாங்குகிறார்கள், தேநீரை ஒரேயடியாக விட்டுவிடுகிறார்கள். இரண்டாவது வாரத்தில் பதிலீட்டுப் பாடவேளைகள் கூடியதும், அல்லது தவணைப் பரீட்சை வந்ததும், பழையபடி வெறும் தேநீரும் பிஸ்கட்டுமாக முற்பகல் கழிகிறது. அவர்களுக்கு மனவுறுதி இல்லை என்று நான் ஒருபோதும் எண்ணியதில்லை. ஆசிரியரின் பசியையும் தாகத்தையும் பாடசாலை மணியே ஆளுகிறது. அந்த மணியைக் கணக்கில் எடுக்காத எந்த உணவுத் திட்டமும் வகுப்பறை வாசலிலேயே நின்றுவிடும்.

ஆகவே இந்த வழிகாட்டி நேரத்தில் தொடங்கி, உடலின் அளவுகள், தண்ணீர் என்று போய், அதன் பின்னரே உணவுக்கு வருகிறது. திருகோணமலை நகரிலும் அதைச் சுற்றியும் கற்பிப்போரையும், அதிகாலையில் பேருந்து ஏறிக் கிண்ணியா, மூதூர், தம்பலகாமம், குச்சவெளி, புல்மோட்டைப் பக்கங்களுக்குச் சென்று திரும்புவோரையும் மனத்தில் வைத்து இதை எழுதியிருக்கிறேன். படிகளை வரிசை மாற்றாமல் செய்வது நல்லது. ஒவ்வொரு படியும் முந்தைய படியில் கிடைத்த விடையின்மேல் நிற்கிறது.

தொடங்கும் முன் தேவைப்படுபவை

உங்களுடைய நேரசூசியின் பிரதி ஒன்று, ஒரு லீற்றர் கொள்ளும் போத்தல் ஒன்று, இறுக்கமாக மூடும் சிறிய பெட்டிகள் இரண்டு, ஒரு கரண்டி, கைதுடைக்கும் துணி ஆகியன போதும். பெட்டிகள் எவர்சில்வராக இருந்தால் எண்ணெய்ப் பிசுக்கும் மணமும் தங்காது. இதற்கென நிறுவை இயந்திரமோ விலையுயர்ந்த சத்துமாவோ வாங்க வேண்டியதில்லை. அப்படி வாங்கித் தொடங்கியவர்கள் அந்தப் பொருள் தீர்ந்ததும் முயற்சியையும் நிறுத்திவிட்டதைப் பலமுறை கண்டிருக்கிறேன்.

1. மூன்று நாளுக்கு நேரத்தை எழுதுங்கள்

எதையும் மாற்றாமல், இப்போது எப்படிச் சாப்பிடுகிறீர்களோ அதையே நேரசூசியின் பின்பக்கத்தில் மூன்று வேலைநாள்களுக்குக் குறித்து வையுங்கள். எத்தனை மணிக்கு என்ன சாப்பிட்டீர்கள், இருந்து சாப்பிட்டீர்களா நின்றுகொண்டா, எப்போது தண்ணீர் குடித்தீர்கள், எப்போது கழிப்பறைக்குச் சென்றீர்கள் என்ற நான்கும் இருந்தால் போதும். மூன்று நாள்களில் ஒன்று உங்கள் நேரசூசியில் பாடவேளைகள் மிக அதிகமான நாளாக இருக்கட்டும். இலகுவான நாளை வைத்துப் போடும் திட்டம் கடினமான நாளில் உதவாது.

பிறகு இரண்டு உணவுகளுக்கு இடையிலான மணித்தியாலங்களை எண்ணுங்கள். பெரும்பாலான அரச பாடசாலைகள் காலை 7.30 முதல் பிற்பகல் 1.30 வரை நடக்கின்றன; இடைவேளை 10.30 மணியை ஒட்டி வருகிறது. இரவு 9 மணிக்குச் சாப்பிட்டுவிட்டுக் காலையில் ஒன்றும் உண்ணாமல் புறப்படும் ஆசிரியர், இடைவேளையில் முதல் வாய் வைக்கும்போது பதின்மூன்றரை மணித்தியாலம் வெறும் வயிற்றோடு இருந்திருக்கிறார். பாடம் முடிந்து பேருந்தில் வீடு சேர்ந்து சாப்பிட மூன்று மணி ஆகிவிட்டால், அன்றைய உணவில் பெரும்பங்கு பிற்பகல் மூன்றுக்கும் இரவு ஒன்பதுக்கும் இடையில் குவிகிறது. காலை முழுவதும் நின்று பேசும் உடலுக்கு எரிபொருள் கிடைக்காமல், அமர்ந்து விடைத்தாள் திருத்தும் நேரத்தில் அது மிதமிஞ்சிக் கிடைக்கிறது.

ஐந்து மணித்தியாலத்தைத் தாண்டும் பகல்நேர இடைவெளிகளைச் சிவப்புப் பேனாவால் வட்டமிடுங்கள். இனி வரும் படிகளெல்லாம் அந்த வட்டங்களை அழிப்பதற்கானவை.

2. உடலின் அளவுகளை எடுத்துக்கொள்ளுங்கள்

இதைத் தாண்டிச் செல்லவே பலரும் விரும்புகிறார்கள். ஆனால் குருதிச் சீனி ஏற்கெனவே உயர்ந்திருக்கும் ஒருவருக்கும், இரும்புச்சத்துக் குறைந்து களைத்திருக்கும் ஒருவருக்கும், உயர் குருதி அமுக்கம் உள்ள ஒருவருக்கும் காலை உணவு ஒன்றாக இருக்க முடியாது. பிற்பகல் களைப்பை எல்லோரும் வேலைப்பளு என்றே சொல்கிறோம். அது உண்மையில் எது என்பதைப் பரிசோதனைதான் சொல்லும்.

அரச வைத்தியசாலைகளை ஒட்டி இயங்கும் ஆரோக்கிய வாழ்வு நிலையங்களில் 35 வயதைக் கடந்தோருக்கு நிறை, உயரம், குருதி அமுக்கம், குருதிச் சீனி ஆகியவற்றை இலவசமாகப் பார்க்கிறார்கள். குடும்பத்தில் நீரிழிவு இருந்தால் அந்த வயதுக்குக் காத்திராமல் உங்கள் வைத்தியரிடம் கேட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

குறித்து வைக்க வேண்டிய அளவுகள் இவை. இடுப்புச் சுற்றளவு, தெற்காசியரைப் பொறுத்தவரை, ஆண்களுக்கு 90 சென்ரிமீற்றருக்கும் பெண்களுக்கு 80 சென்ரிமீற்றருக்கும் கீழே இருப்பது நல்லது. எட்டு மணித்தியாலம் உண்ணாமல் எடுக்கும் குருதிச் சீனி 100 மில்லிகிராமுக்குக் கீழே இருக்க வேண்டும். 100 முதல் 125 வரை எச்சரிக்கை, 126 அல்லது அதற்கு மேல் நீரிழிவைக் குறிக்கும், ஆயினும் மீண்டும் பார்த்தே உறுதிசெய்வார்கள். குருதி அமுக்கம் பலமுறை பார்த்தும் 140/90 அல்லது அதற்கு மேல் இருந்தால் சிகிச்சை தேவை. கருத்தரிக்காத பெண்களுக்கு ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் குறைந்தால் அது குருதிச்சோகை.

மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு வெயிலில் நடந்து வந்த மூச்சோடு கையை நீட்டுவதுதான் இங்கு அடிக்கடி நேரும் தவறு. ஐந்து நிமிடம் அமைதியாக அமர்ந்து, அதற்கு முந்தைய அரை மணிநேரத்தில் தேநீர் குடிக்காமல் இருந்தால்தான் குருதி அமுக்க அளவை நம்பலாம்.

3. தண்ணீருக்கு முன் கழிப்பறையை ஒழுங்குசெய்யுங்கள்

தண்ணீர் குடியுங்கள் என்று எல்லோரும் சொல்வார்கள். ஆசிரியைகள் ஏன் குடிப்பதில்லை என்று கேட்பவர்கள் குறைவு. கழிப்பறை தூரத்தில் இருக்கிறது, திறப்பு வேறொருவரிடம் இருக்கிறது, வகுப்பை விட்டுப் போனால் பிள்ளைகள் தனியே நிற்பார்கள். எனவே தாகத்தை அடக்குவதே எளிதாகிவிடுகிறது. இப்படி ஆண்டுக்கணக்கில் அடக்கி, சிறுநீர்ப்பாதைத் தொற்று மீண்டும் மீண்டும் வந்து அவதிப்படும் ஆசிரியைகளை எனக்குத் தெரியும். இது வெட்கப்பட்டு மறைக்கும் விடயமாக இருக்கவே கூடாது.

ஆகவே முதலில் நேரசூசியில் கழிப்பறைக்கான இரண்டு வேளைகளைக் குறியுங்கள்: ஒன்று இடைவேளையின் தொடக்கம், மற்றையது ஆறாம் பாடவேளைக்கு அண்மையில் வரும் ஓய்வுப் பாடவேளை. ஓய்வுப் பாடவேளை இல்லாத நாளில் பக்கத்து வகுப்பு ஆசிரியருடன் முன்கூட்டியே பேசி, ஐந்து நிமிடம் இரு வகுப்பையும் அவர் பார்த்துக்கொள்ளும் ஏற்பாட்டைச் செய்யுங்கள்; அவருக்கும் நீங்கள் அதே உதவியைச் செய்யுங்கள். திறப்பு ஓய்வறையிலேயே தொங்க வேண்டும் என்பதை அதிபரிடம் கேளுங்கள். கேட்டால் மறுக்கும் அதிபர் அரிது. கேட்காமல் இருப்பதே வழக்கமாகிவிட்டது.

இதன் பிறகு தண்ணீர். எழுந்தவுடன் ஒரு குவளை. ஒரு லீற்றர் போத்தலின் நடுவில் நிறப் பேனாவால் ஒரு கோடு போட்டு, இடைவேளை மணிக்குள் கோடு வரையும், கடைசி மணிக்குள் அடி வரையும் குடித்து முடியுங்கள். ஒரே மூச்சில் குடிக்காமல் ஒவ்வொரு பாடவேளையின் தொடக்கத்திலும் மூன்று நான்கு மிடறு குடித்தால் தொண்டையும் வறளாது. நாள் முழுவதும் குரலை உயர்த்திப் பேசுவோருக்கு இது மிக முக்கியம். கச்சான் காற்று வீசும் மே முதல் செப்டெம்பர் வரையான மாதங்களில், குறிப்பாகத் தகரக் கூரை வகுப்பறைகளில், மேலும் அரை லீற்றர் தேவைப்படும். சிறுநீர் இளமஞ்சளாக இருந்தால் அளவு சரி. சிறுநீரக நோயோ இதயப் பலவீனமோ உள்ளவர்கள் வைத்தியர் சொன்ன அளவையே பின்பற்ற வேண்டும்.

போத்தலில் குளிர்பானம் வேண்டாம். விற்பனையாகும் இனிப்புப் பானங்களில் சீனியின் அளவைக் காட்டும் சிவப்பு, செம்மஞ்சள், பச்சை வட்டங்கள் 2016 முதல் அச்சிடப்படுகின்றன. சிவப்பு வட்டத்தைக் கண்டால் வாங்காமல் விடுங்கள். தேசிக்காய் பிழிந்து சிறிது உப்பிட்ட தண்ணீர், மோர், இளநீர் ஆகியவை வெயிலுக்கு எவ்வளவோ மேல்.

4. காலை உணவை இரண்டாகப் பிரியுங்கள்

இந்தப் படியில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். ஏனெனில் இது நிலைபெற்றால் பின்வரும் படிகளில் பாதி தானாகவே சரியாகிவிடும்.

ஐந்தரைக்குப் பேருந்து ஏறும் ஒருவரிடம் வீட்டில் நன்றாகச் சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்று சொல்வதில் பயனில்லை. அந்த நேரத்தில் பசி எடுக்காது, அவசரமாக விழுங்கினால் பயணத்தில் குமட்டும். அத்தகையோர் காலை உணவைப் பிரித்துக்கொள்ளலாம்: புறப்படும் முன் ஒரு கதலிப்பழமோ ஒரு கோப்பைக் கஞ்சியோ, பாடசாலை சேர்ந்ததும், காலைக் கூட்டத்துக்கு முன் கிடைக்கும் பத்து நிமிடத்தில், பெட்டியில் கொண்டுவந்த உண்மையான காலை உணவு. நகருக்குள்ளேயே கற்பிப்போர் ஆறரைக்கு வீட்டில் ஒரே தடவையாகச் சாப்பிடலாம்.

உணவில் மூன்று பங்கு இருக்க வேண்டும்: மாச்சத்து ஒரு கைப்பிடி அளவு, புரதம் அதில் பாதியேனும், கீரை அல்லது பழம் ஏதேனும் ஒன்று. நம்முடைய காலை உணவில் மாச்சத்துக்கு என்றுமே குறைவில்லை, புரதம்தான் காணாமற்போகிறது. பாணும் சம்பலும், இடியப்பமும் சொதியும், ரொட்டியும் கட்டைச் சம்பலும் நாவுக்கு நிறைவாக இருந்தாலும், புரதம் சேராத மாச்சத்து விரைவில் செரித்து மூன்றாம் பாடவேளையிலேயே பசியைக் கிளப்பிவிடும்.

நடைமுறையில் நிலைத்தவை சிலவற்றைச் சொல்கிறேன். சிவப்பரிசிமாப் புட்டு ஒரு கோப்பை, அதனுடன் அரைக் கோப்பைக் கடலைக்கறி. இடியப்பம் ஐந்து, கட்டியான பருப்பு, ஓர் அவித்த முட்டை. குரக்கன் ரொட்டி இரண்டு, முருங்கையிலை வறை, முதல்நாள் சூடைமீன் குழம்பைச் சுண்டவைத்தது. பாண் தவிர வேறு வழியில்லாத நாளில் மூன்று துண்டுகள், ஜாமுக்குப் பதிலாக மீனோ முட்டையோ பருப்போ. அவித்த பயறும் தேங்காய்ப்பூவும் தனியாகவே ஒரு முழுக் காலை உணவு. கடலைக்கும் பயற்றுக்கும் தேசிக்காய் பிழிவது ருசிக்காக மட்டுமன்று. தேசிக்காயின் உயிர்ச்சத்து சி தானியத்திலும் கீரையிலும் உள்ள இரும்புச்சத்தை உடல் எடுத்துக்கொள்ள உதவுகிறது.

கடலையையும் கௌபியையும் விடிகாலையில் அவிக்க எண்ணினால் ஒருநாளும் நடக்காது. சனிக்கிழமை இரவு ஊறவைத்து, ஞாயிறு காலை உப்பிட்டு அவித்து, நீரை வடித்து ஆறவிட்டு, ஒரு நாளைக்கு ஒரு சிறு பொட்டலமாக உறைபெட்டியில் வையுங்கள். காலையில் ஒரு பொட்டலத்தை எடுத்து, கடுகு, வெங்காயம், செத்தல் மிளகாய் தாளித்துப் புரட்டினால் ஐந்து நிமிடத்தில் பெட்டி நிறைந்துவிடும்.

குடும்பத்துக்குச் சமைத்துவிட்டுப் பாடசாலைக்கு வரும் ஆசிரியைகளுக்கு ஒன்று அழுத்தமாகச் சொல்ல வேண்டும். கணவருக்கும் பிள்ளைகளுக்கும் கட்டி முடித்த பின் மிஞ்சுவதைத் தனக்குக் கட்டலாம் என்று இருந்தால், பெரும்பாலான நாள்களில் மிஞ்சுவது நேரமின்மை மட்டுமே. உங்கள் பெட்டியை முதலில் கட்டிப் பைக்குள் வையுங்கள், பிறகு மற்றவர்களுடையதைக் கட்டுங்கள். வரிசையை மட்டும் மாற்றியதாலேயே காலை உணவு நிலைபெற்ற வீடுகள் பல உண்டு.

5. வெயிலுக்கு ஏற்றபடி கட்டுங்கள்

ஆறு மணிக்குக் கட்டிய உணவை இடைவேளையில் திறக்கும்போது நான்கரை மணித்தியாலம் கடந்திருக்கும். திருகோணமலை வெப்பத்தில் அது சில உணவுகளுக்கு அதிகம். தேங்காய்ப்பால் சேர்ந்த சொதி முதலில் கெடும், பச்சைத் தேங்காயில் இடித்த சம்பல் அடுத்தது. ஆகவே சொதியை வீட்டிலேயே முடித்துவிட்டு, பைக்குள் தாளித்த பருப்பு, சுண்டிய கடலை, வறை போன்ற நீர்ப்பிடிப்புக் குறைந்தவற்றையே வையுங்கள். புட்டுக்குள் உள்ள தேங்காய்ப்பூ மாவுடன் சேர்ந்து ஆவியில் அவிந்துவிடுவதால் அந்த அளவுக்குச் சிக்கல் இல்லை.

ஆவி பறக்கும் உணவைப் பெட்டியில் அடைத்து உடனே மூடுவதே பொதுவான பிழை. ஆவி மூடியின் உட்புறத்தில் நீர்த்துளியாகப் படிந்து, உணவின் மேல் சொட்டி, அதைச் சொதசொதவென்று ஆக்கிக் கெடுதலை விரைவுபடுத்துகிறது. தட்டில் பரப்பிப் பத்துப் பதினைந்து நிமிடம் ஆறவிட்டு, மூடியின் உட்புறம் வறண்டிருப்பதைப் பார்த்தே மூடுங்கள். சோற்றில் இது இன்னும் கவனத்துக்குரியது: வெதுவெதுப்பில் நெடுநேரம் கிடக்கும் சோற்றில் பெருகும் ஒருவகை பக்றீரியா உண்டாக்கும் நச்சு, திரும்பச் சூடாக்கினாலும் அழிவதில்லை. பைக்குள் எட்டு ஒன்பது மணித்தியாலம் கிடந்த சோற்றை வீணாகிறதே என்று சாப்பிட வேண்டாம்.

பொலித்தீன் உணவுத்தாள்கள் 2017 செப்டெம்பரிலேயே தடைசெய்யப்பட்டவை. கட்டித்தான் கொண்டுபோக வேண்டுமானால் அனலில் வாட்டிய வாழையிலை இருக்கிறது. சுடுசோற்றை அதில் வைத்தாலும் தீங்கில்லை, பைக்குள் மணமும் நன்றாக இருக்கும்.

6. இடைவேளையின் இருபது நிமிடத்தைக் காப்பாற்றுங்கள்

இருபது நிமிடத்தில் உங்களுடையது எவ்வளவு என்பதை மூன்று நாள் குறிப்பே காட்டியிருக்கும். மணி அடித்தும் கேள்வியோடு நிற்கும் பிள்ளை, பிள்ளையைப் பற்றிப் பேச வந்த தாய், கொப்பிக் கட்டு, சிற்றுண்டிச்சாலை வரிசை, காவல் கடமை என்று பத்துப் பன்னிரண்டு நிமிடம் கரைந்துவிடும். மிஞ்சுவது ஏழெட்டு நிமிடம். அந்த நிமிடங்களில் உணவைத் தேடிப் போகக் கூடாது. அது பையிலேயே இருக்க வேண்டும்.

வரிசை இதுதான்: கழிப்பறை, கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவுதல், அமர்தல், சாப்பிடுதல். சோக்குத் தூளோடும் நூறு கொப்பிகளைத் தொட்ட விரல்களோடும் வடையைப் பிய்த்து வாயில் போடுவதும், வயிற்றுக் குழப்பத்துக்கு வேறு காரணம் தேடுவதும் நம்மிடையே பரவலாக உள்ளன. இடக்கையில் கறியும் வலக்கையில் சிவப்புப் பேனாவுமாக இருந்தால் இரண்டு வேலையும் கெடும். எவ்வளவு சாப்பிட்டோம் என்ற உணர்வே இல்லாமற் போகும்.

ஏழு மணிக்குக் காலை உணவு முடித்தவருக்கு இடைவேளையில் சிறிதளவே போதும்: ஒரு கொய்யா, ஒரு பப்பாசித் துண்டு, ஒரு கைப்பிடி வறுத்த கச்சான், அரைக் கோப்பை அவித்த கௌபி. காவல் கடமை உள்ள நாளில் உரிக்கவும் கரண்டி பிடிக்கவும் தேவையில்லாத ஒன்றைப் பையில் வையுங்கள். றோல்ஸ், பற்றீஸ், சமோசா போன்றவற்றில் வெள்ளை மாவும் எண்ணெயும்தான் பெரும்பகுதி. மாதத்தில் ஒருநாள் விருப்பத்துக்குச் சாப்பிடுவது வேறு, அதையே அன்றாட உணவாக்குவது வேறு.

ஆரம்பப் பிரிவில் பிள்ளைகளுக்கு மதிய உணவு பரிமாறும் பொறுப்பில் உள்ள ஆசிரியைகளின் இடைவேளை முழுமையாகவே கரைகிறது. அவர்கள் இதற்கு முந்தைய அல்லது அடுத்த ஓய்வுப் பாடவேளையைத் தம் உணவு நேரமாக நேரசூசியிலேயே எழுதி, பகுதித் தலைவரிடம் சொல்லி வைக்க வேண்டும். சொல்லாவிட்டால் பதிலீட்டுப் பட்டியலில் அந்தப் பாடவேளைதான் முதலில் போகும்.

7. தேநீரைச் சிறிது சிறிதாகக் குறையுங்கள்

கணக்கிலிருந்து தொடங்குவோம். நிரம்பிய ஒரு தேக்கரண்டிச் சீனி ஏறத்தாழ 5 கிராம். ஒரு கோப்பைக்கு இரண்டு கரண்டி வீதம், வீட்டில் ஒன்று, ஓய்வறையில் இரண்டு என்று மூன்று கோப்பை குடித்தால் 30 கிராம். சேர்க்கும் சீனியை நாளொன்றுக்கு 50 கிராமுக்குள் வைக்கவும், இயலுமானால் 25 கிராமுக்குள் குறைக்கவும் உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. பிஸ்கட்டையும் கேக்கையும் எண்ணுவதற்கு முன்பே தேநீர் மட்டும் அந்த நல்ல எல்லையைக் கடந்துவிட்டது.

ஒரே நாளில் நிறுத்துவோர் பெரும்பாலும் பத்து நாளில் திரும்பிவிடுகிறார்கள். வாரத்துக்கு அரைக் கரண்டி வீதம் குறைத்தால் நாவு பழகிக்கொள்ளும். சீனிக்குப் பதில் பனங்கட்டியைக் கடித்துக் குடிப்போர் தாம் சீனியை விட்டுவிட்டதாக நினைக்கிறார்கள்; குருதிக்குப் பனங்கட்டியும் சீனியே, துண்டைச் சிறிதாக்குவதுதான் வழி.

நேரமும் கவனத்துக்குரியது. தேயிலையில் உள்ள துவர்ப்புப் பொருள் தானியத்திலும் கீரையிலும் உள்ள இரும்புச்சத்தைப் பற்றிக்கொண்டு உடலுக்குச் சேரவிடாது. புட்டும் கடலையும் உண்ட கையோடு சாயம் அடித்த தேநீரைக் குடிப்பது அந்தக் கடலையின் பயனைப் பாதியாக்குவதாகும். ஒரு மணித்தியாலம் கழித்துக் குடியுங்கள். ஹீமோகுளோபின் குறைந்த ஆசிரியைகளும், கிளினிக்கில் இரும்புச்சத்து மாத்திரை பெறும் கர்ப்பிணிகளும் இதைத் தவறாமல் கடைப்பிடிக்க வேண்டும்.

8. பிற்பகல் உணவை முன்கூட்டியே முடிவுசெய்யுங்கள்

ஒன்றரை மணிக்கு வாசலில் நிற்கும்போது பசி உச்சத்தில் இருக்கும். அப்போது எடுக்கும் முடிவு பேருந்து நிலையக் கடையின் கண்ணாடிப் பெட்டிக்குள்தான் போய் நிற்கும். வீடு சேர ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஆகுமென்றால் பையில் ஒரு பழத்தை ஒதுக்கி வைத்து, பேருந்தில் இடம் கிடைத்ததும் சாப்பிடுங்கள். பெருஞ்சோற்றுப் பசி தணிந்து, வீட்டில் அளவோடு உண்ண அது உதவும்.

தட்டின் பாதி மரக்கறியும் கீரையும், கால் பங்கு நாட்டரிசிச் சோறு, மற்றைய கால் பங்கு மீன் அல்லது பருப்பு. நமது கரையில் கீரியும் சாளையும் நெத்தலியும் மலிவாகக் கிடைக்கும்போது புரதத்துக்கு வேறெங்கும் போக வேண்டியதில்லை. கருவாடும் ஊறுகாயும் பப்படமும் ஒரே தட்டில் சேரும் நாளைத்தான் தவிர்க்க வேண்டும். நாளொன்றுக்கான உப்பு 5 கிராமுக்குள், அதாவது மட்டமான ஒரு தேக்கரண்டிக்குள் இருக்க வேண்டும் என்ற கணக்கு அந்த ஒரு வேளையிலேயே முடிந்துவிடும். குருதி அமுக்கம் உயர்ந்தவர்கள் கருவாட்டை வெந்நீரில் ஊறவைத்து நீரைக் கொட்டினாலும் உப்பு முழுதாகப் போய்விடாது என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

மாலை வகுப்புகள் உள்ளோர் சோற்றைப் பாடசாலைக்கே கொண்டுபோக நேரிடும். அவர்கள் அதைப் பிற்பகல் ஒன்றரைக்கே உண்டு முடிக்க வேண்டும். மாலை நாலுக்கு வைத்திருக்கக் கூடாது. நாலு மணிக்குச் சுண்டலோ பழமோ போதும்.

9. மாத்திரை எடுப்போரும் விரதம் இருப்போரும்

நீரிழிவு மாத்திரைகள் எல்லாம் ஒன்றல்ல. மெட்ஃபோமின் மட்டும் எடுப்போருக்குச் சீனி ஆபத்தான அளவு தாழ்வது அரிது. அதை உணவோடு எடுத்தால் வயிறு குழம்பாது. ஆனால் கிளிக்லசைட், டொல்புட்டமைட் போன்றவற்றையோ இன்சுலினையோ எடுத்துவிட்டு உணவைத் தள்ளிப்போட்டால் சீனி சடுதியாகத் தாழ்ந்துவிடும். பேருந்துக்கு நேரமாகிறது என்று மாத்திரையை மட்டும் விழுங்கிவிட்டுப் புறப்படுவது, நான் கண்ட தவறுகளில் மிக ஆபத்தானது. இவர்கள் தம் நேரசூசியை எழுதி எடுத்துப்போய் வைத்தியரிடம் காட்டி, மாத்திரையின் நேரத்தை அதற்கேற்ப அமைத்துத் தரும்படி கேட்க வேண்டும். தாமாக அளவை மாற்றக் கூடாது.

கை நடுக்கம், குளிர்ந்த வியர்வை, படபடப்பு, சொல் தடுமாற்றம் ஆகியவை சீனி தாழ்வதன் அறிகுறிகள். உடனே மூன்று தேக்கரண்டிச் சீனியை அரைக் குவளைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, அமர்ந்து, பதினைந்து நிமிடம் கழித்தும் குணமில்லையெனில் மறுபடி குடிக்க வேண்டும். தெளிந்ததும் ஏதேனும் உணவு உண்ண வேண்டும். சொக்லேட் கொடுப்பது பொருந்தாது, அதிலுள்ள கொழுப்பு சீனி குருதியில் சேர்வதைத் தாமதிக்கிறது. நினைவு தப்பியவரின் வாயில் எதையும் ஊற்றாமல், ஒருக்களித்துப் படுக்கவைத்து, 1990 இலக்கத்துக்கு அழைத்து அம்புலன்ஸ் வரவழையுங்கள். ஓய்வறையில் ஒரு சிறு போத்தலில் சீனி இருப்பதையும், அது எதற்கு என்பது எல்லோருக்கும் தெரிந்திருப்பதையும் உறுதிசெய்யுங்கள்.

வெள்ளிக்கிழமை விரதத்திலும் கந்தசஷ்டியிலும் வெறும் தேநீரை மட்டும் குடித்துக்கொண்டு ஆறு மணித்தியாலம் கற்பிப்பது உடலுக்குக் கடினம். பழமும் மோரும் அனுமதிக்கும் விரதமாயின் அவற்றை இடைவேளையில் எடுக்கலாம். ரமழானில் நோன்பு நோற்கும் ஆசிரியர்கள் ஸஹர் உணவைத் தவறவிடாமல், அதில் பயறு, முட்டை, தயிர் போன்ற நெடுநேரம் தாங்குபவற்றைச் சேர்த்து, இப்தாருக்கும் ஸஹருக்கும் இடையில் தண்ணீரைப் பரவலாகக் குடிக்க வேண்டும். நீரிழிவுள்ளோர் ரமழானுக்கு ஒன்றிரண்டு மாதம் முன்பே வைத்தியரைக் காண்பது அவசியம். சீனி 70 மில்லிகிராமுக்குக் கீழே தாழ்ந்தாலோ 300ஐத் தாண்டினாலோ நோன்பைத் திறந்துவிட வேண்டும் என்பதே மருத்துவ வழிகாட்டல்.

10. ஓய்வறை மேசையைப் பொதுவில் ஒழுங்குசெய்யுங்கள்

தனியொருவராக இவற்றைத் தொடர்வது கடினம், ஏனெனில் மேசையின் நடுவில் பிறந்தநாள் கேக்கும் பிஸ்கட் தட்டும் இருந்துகொண்டே இருக்கும். நாலைந்து பேர் சேர்ந்தால் போதும். பிஸ்கட்டுக்குச் சேர்க்கும் பணத்தில் பழம் வாங்கலாம். தேநீரைச் சீனி போடாமல் வைத்து, சீனிப் போத்தலைத் தனியாக வைக்கலாம். சிற்றுண்டிச்சாலை நடத்துபவரிடம் வாரத்தில் இரண்டு நாள் அவித்த கடலையும் ஒரு நாள் இலைக்கஞ்சியும் வேண்டுமென்று எத்தனை பேருக்கு என்ற எண்ணிக்கையோடு சொல்லலாம். எண்ணிக்கை தெரியாமல் சமைத்து அவருக்கு நட்டம் வந்தால் மறுவாரம் பற்றீஸே திரும்பும். மறுப்பவரை வற்புறுத்த வேண்டாம். சாப்பாட்டைப் பற்றிய அறிவுரை ஓய்வறையில் விரைவில் மனக்கசப்பாகிவிடும்.

11. ஒரு தவணை கழித்து மறுபடி எழுதுங்கள்

தவணையின் இறுதி வாரத்தில், படி 1இல் செய்ததுபோலவே மூன்று நாள் குறிப்பை மீண்டும் எழுதி, பழையதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சிவப்பு வட்டம் எத்தனை குறைந்தது என்பதே முதல் விடை. இடுப்புச் சுற்றளவும் குருதி அமுக்கமும் அதற்குப் பிறகு. நிறை குறையவில்லை என்று மனம் தளர்வோர் பலர், ஆனால் மூன்று மாதத்தில் உணவு நேரம் ஒழுங்காவதே பெரிய மாற்றம். குருதிச் சீனி எச்சரிக்கை அளவில் இருந்தவர்கள் வைத்தியர் சொன்ன தேதியில் மறுபரிசோதனை செய்யட்டும்.

புதிய ஆண்டில் நேரசூசி மாறினால், அல்லது இடமாற்றம் கிடைத்துப் பயண நேரம் மாறினால், பழைய ஒழுங்கை அப்படியே இழுத்துக்கொண்டு போகாமல் கழிப்பறை வேளை, காலை உணவின் இரு பங்கு, இடைவேளை ஆகிய மூன்றையும் புதிய மணிக்கு ஏற்ப மறுபடி குறியுங்கள். பெட்டிக்குள் இருக்கும் உணவை மாற்றத் தேவையில்லை. அதைத் திறக்கும் நேரத்தை மாற்றினால் போதும்.